பாடும் உருண்டையும் அதன் பலகையும்

ஓர் அருங்காட்சியகத்துக்குப் புதிதாக ஒரு செம்பு உருண்டை வந்து சேர்ந்தது. யாராவது கை வைத்தால் அது பாடும். ஜனங்களுக்குப் பிடிக்கிறதா பார்ப்போம் என்று அதைக் கூடத்தின் நடுவில் சோதனைக்கு வைத்தார்கள்.

கூட்டம் என்னவோ வந்தது. வந்தவர்கள் உருண்டைக்குப் பக்கத்தில் இருந்த பலகையைப் படித்தார்கள். படித்த கையோடு, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு தள்ளிப் போய் நின்றார்கள்.

உருண்டைக்கு ஒரு மண்ணும் விளங்கவில்லை. எதிரே ஒரு கல் சிங்கம் இருந்தது. 'தொடாதீர்கள்' என்று எழுதி வைத்தும், ஆளாளுக்குத் தடவித் தடவி அதன் மூக்கே மழுங்கிப் போயிருந்தது.

"அண்ணே, உங்களைத் தொடக் கூடாதாம், தொடுறாங்க. என்னைத் தொடணும், ஓடுறாங்க. என்ன கூத்து இது?" என்று உருண்டை கேட்டது.

"உன் பலகையையே கேளு" என்றது சிங்கம்.

"பலகையக்கா, உன்மேல என்னதான் எழுதியிருக்கு?"

"தப்பா ஒண்ணுமில்ல. அன்பாத்தான் கூப்பிடுறேன்" என்ற பலகை, தொண்டையைக் கனைத்துக்கொண்டு, இருந்ததை இருந்தபடி உரக்கப் படித்தது: "தொட்டுப் பார்!"

உருண்டைக்குக் குலை நடுங்கிவிட்டது.

அந்த நேரம் பார்த்து, எழுத்தே தெரியாத ஒரு குழந்தை தத்தித் தத்தி வந்து உருண்டைமேல் உள்ளங்கையை வைத்தது. தட்டியும் பார்த்தது. சத்தமே இல்லை. உதட்டைப் பிதுக்கிக்கொண்டு சிங்கத்திடம் போய்விட்டது.

"பாட வேண்டியதுதானே? இதுக்குத்தானே இத்தனை நாள் ஏங்கினே!" என்று பலகை அதட்டியது.

"நான் தொடலக்கா" என்று உருண்டை அழாத குறையாகச் சொன்னது. "சத்தியமா, அந்தக் குழந்தைதான் தொட்டுச்சு."