பாலேந்திரனின் பதிவேடு

சிவகலா அடுத்தவர் சாமான்களைத் தொடுகிற ஆளே இல்லை. அன்று அந்தப் பச்சைக் கொப்பியைத் தொட்டதற்குக் காரணம், அது கண்ணில் பட்டதுதான். பாலேந்திரனின் கூடையில் மூன்று சேர்ட்டுகளுக்கும் ஒரு துவாய்க்கும் அடியில் இருந்தது எப்படிக் கண்ணில் பட்டது என்று கேட்கக் கூடாது.

சுவிஸின் லுசேர்ணில் அவர்கள் இருந்த கட்டடத்துக்கு உடுப்புத் தோய்க்கும் அறை கீழ்த்தளத்தில். செவ்வாய் காலையில் நாலாம் மாடிப் பாலேந்திரனின் முறை, மத்தியானம் சிவகலாவின் முறை. பாலேந்திரனுக்கு ஹோட்டல் குசினியில் வேலை, தனிக்கட்டை, யாரோடும் அதிகம் கதைக்காத மனிதர். கூடையை மறந்துவிட்டுப் போயிருந்தார்.

சிவகலா கொப்பியை விரித்தாள்.

‘யாதவி. ஆறு வயது. மூன்றாம் மாடி. கரட்டை சோபாவுக்குக் கீழே ஒளிக்கிறவ. இருட்டென்றால் பயம். சொக்லேற் என்றால் கிட்ட வருவா. ஞாயிறு, ஐந்தரை மணி.’

யாதவி அவள் பெற்ற பிள்ளை.

அடுத்த பக்கத்தில் முதலாம் மாடிச் சயன். அதற்கடுத்ததில் எதிர்க் கட்டடத்து மதுஜா. எல்லோருக்கும் வயது, முகவரி, நேரம்.

அமெரிக்காவில் இருக்கும் தங்கை ஜெயமலரை உடனே போனில் பிடித்தாள். அங்கே பிள்ளைகளைக் குறிவைக்கிற ஆட்களுக்குப் பகிரங்கப் பதிவேடு இருக்கிறதாம். பெயரைத் தட்டினால் படமும் வீட்டு விலாசமும் வந்து நிற்குமாம். சிவகலா மாலை முழுவதும் பாலேந்திரனின் பெயரைத் தட்டினாள். 2009இல் கரப்பந்தாட்டப் போட்டியில் இரண்டாம் பரிசு வாங்கிய படம் ஒன்றுதான் வந்தது.

மறுநாள் பொலிஸ் நிலையத்துக்குப் போனாள். அங்கிருந்த வயதான அதிகாரி பொறுமையாகவே விளக்கினார். இந்த நாட்டில் பொதுமக்கள் தேடிப் பார்க்கிற பட்டியல் எதுவும் இல்லை. குற்றப் பதிவேட்டுச் சான்றை அவரவர்தான் தங்களுக்கு எடுக்கலாம். பிள்ளைகளோடு பழகுகிற வேலை என்றால் இந்த வருடத்திலிருந்து விசேஷச் சான்று ஒன்று உண்டு. பிள்ளைகளை நெருங்கக் கூடாது என்று நீதிமன்றம் தடை போட்டிருந்தால் அதில் தெரியும். ஆனால் அதற்கும் அந்த ஆள்தான் விண்ணப்பிக்க வேண்டும், வேலை கொடுப்பவர் கையெழுத்து வைக்க வேண்டும்.

கொப்பியை எங்கே பார்த்தீர்கள் என்று கேட்டார். சிவகலா கதையை மாற்றினாள். எந்த ஞாயிறு என்று கேட்டார். வருகிற ஞாயிறு என்றாள். அவர் சுவர்க் கலண்டரைப் பார்த்தார், பிறகு மீசைக்குள் சிரித்தார். இந்தப் பொலிசை நம்பிப் பிரயோசனம் இல்லை என்று அவள் எழுந்து வந்துவிட்டாள்.

வெள்ளிக்கிழமை ஒரேயொரு தலையணை உறையைத் தூக்கிக்கொண்டு மறுபடியும் கீழே இறங்கினாள். கொடியில் பாலேந்திரன் செவ்வாயன்று மறந்துவிட்ட களிசான் இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. அதன் பொக்கற்றிலிருந்து ஒரு தாள் தானாகவே அவள் கைக்கு வந்தது. மேற்பாதி தோய்ந்து கூழாகிவிட்டது. கீழ்ப்பாதியில் எழுத்துத் தெரிந்தது. அந்த விசேஷச் சான்றுக்கான படிவமேதான். பெயர் பாலேந்திரன். செய்யப்போகும் வேலை: பிள்ளைகளை அவர்களுடைய வீட்டிலேயே சந்தித்தல்.

வெங்காயம் வெட்டுகிற மனிதனுக்குப் பிள்ளைகளின் வீட்டில் என்ன வேலை? கொப்பி, கூடை, களிசான் என்று எல்லாவற்றையும் கணவன் சிறீதரனிடம் ஒன்றுவிடாமல் கொட்டினாள். அவன் தேத்தண்ணீரை ஆற்றிக்கொண்டிருந்தான்.

“நீர் பேசாமல் இரும். ஞாயிறு பாப்பம்,” என்றான்.

ஞாயிறு ஐந்தரைக்கு வாசல் மணி அடித்தது. சிவகலா இடியப்ப உரலை ஓங்கியபடி கதவுக்குப் பின்னால் நின்றாள். தன் பிள்ளையைத் தொட்டால் உரல் உடைந்தாலும் பரவாயில்லை என்ற முடிவோடு நின்றாள். சிறீதரன் கதவைத் திறந்தான்.

சிவப்பு அங்கி. நெஞ்சுவரை வெள்ளைத் தாடி. தோளில் சாக்கு. கையில் மாட்டுத்தோல் அட்டை போட்ட பெரிய புத்தகம்.

“சமிக்ளவுஸ்!” என்று யாதவி துள்ளினாள்.

அன்று டிசம்பர் ஆறு. வருடா வருடம் அந்தத் தேதியில் வீடு வீடாக வந்து, பிள்ளைகளின் குறும்புகளைப் புத்தகத்திலிருந்து வாசித்துக் கண்டித்து, கச்சான் கடலையும் மண்டரின் தோடம்பழமும் சொக்லேற்றும் கொடுத்துவிட்டுப் போகிற அதே சமிக்ளவுஸ். தாடிக்கு மேலே இருந்த மூக்கு மட்டும் பாலேந்திரனுடையது. உரல் மெதுவாக இறங்கி சிவகலாவின் முதுகுக்குப் பின்னால் போனது.

சிறீதரன் அவள் காதோடு கதைத்தான். “சமிக்ளவுஸ் வேசம் போடுறவையின்ர சங்கத்தில அண்ணைதான் முதல் தமிழ்ச் சமிக்ளவுஸ். பிள்ளையளின்ர வீட்டுக்குப் போறவை எல்லாரும் அந்தச் சான்று எடுக்க வேணுமாம். யாதவியின்ர குறிப்பு நான் எழுதிக் குடுத்தது. உமக்குச் சொல்லியிருந்தால் விடியமுன்னம் கட்டடம் முழுக்கத் தெரிஞ்சிருக்கும்.”

“அப்ப நான் உங்களிட்டச் சொன்னதுகள்?”

சிறீதரன் கூரையைப் பார்த்தான்.

பாலேந்திரன் கரட் விவகாரத்தைக் குரலை மாற்றி வாசித்தார். இனி ஒளிக்க மாட்டேன் என்று யாதவி சத்தியம் செய்து இரண்டு கையாலும் கச்சான் அள்ளினாள். சிவகலாவுக்கு நெஞ்சுப் பாரம் இறங்கிச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. நல்ல மனிதனைப் போய்த் தப்பாக நினைத்தோமே என்று வெட்கமாகவும் இருந்தது.

சமிக்ளவுஸ் புத்தகத்தை மூடவில்லை. விரலை நாக்கில் தொட்டு அடுத்த பக்கத்தைத் திருப்பினார். யாருடைய பெயரையும் யாரும் தேடிப் பார்க்க முடியாத அந்த நாட்டில், வீடே கேட்க உரத்து வாசித்தார்:

“சிவகலா. முப்பத்தெட்டு வயது. மூன்றாம் மாடி. அடுத்தவையின்ர கூடையைக் கிளறுறவ, களிசான் பொக்கற்றுக்குள்ளயும் கை விடுறவ.”