அங்க அடையாளம்

"என்னைக் கேக்காம எம்பெட்டிய ஏன் தொறந்த? அதுவும் பூட்டை ஒடைச்சி—"

"கேட்டா குடுத்துருப்பீங்களா? முப்பத்தினாலு வருசமா கண்ணுல காட்டுனீங்களா?"

"மொதல்ல அதைப் பைக்குள்ள வை. வையின்னா—"

"வெக்க மாட்டேன். டாக்டரம்மா பாக்கட்டும்."

கதவுக்கு வெளியே பெஞ்சில் காத்திருந்தவர்கள் பேச்சை நிறுத்திவிட்டு இவர்கள் பேச்சைக் கேட்பது வாசுகிக்குத் தெரிந்தது. மானம் போனது. ஆனாலும் மடியில் இருந்த எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தை அவள் விடவில்லை.

அவள் புருஷன் யார் முகத்தையும் பார்க்கவில்லை. பீங்கான் கம்பெனியில் சூளை மேஸ்திரியாக இருந்து ஓய்வு பெற்றவர். பிளாஸ்திரி ஒட்டிய இடது காலை நாற்காலிக்கு அடியில் இழுத்து மறைத்துக்கொண்டார்.

"குருமூர்த்தி ஐயா, சண்டைய வூட்டுல போய்ப் போட்டுக்கலாம்" என்றார் டாக்டர் ஆன் மேரி. "பாண்டிச்சேரிலேருந்து ரிசல்ட் வந்துடுச்சு. கால்ல இருந்து எடுத்தோம்ல, அந்த மச்சத்தோடது."

"கேன்சருங்களா?" வாசுகியின் குரல் இறங்கியது.

"சாதா மச்சமும் கேன்சர் மச்சமும் மைக்ராஸ்கோப்புல சில சமயம் ஒரே மாதிரி தெரியும்மா. அதுக்குத்தான் புரதம் பாக்குற டெஸ்ட். ஒரு புரதம் கேன்சர்ல நெறைய இருக்கும். இன்னொண்ணு சாதா மச்சத்துல இருக்கும், கேன்சர்ல காணாமப் போயிடும்."

"இவருக்கு?"

"முதல் புரதம் அங்கங்க இருக்குது. ரெண்டாவது முழுசாப் போகலை. ரெண்டுங்கெட்டானா இருக்குது."

டாக்டர் அவர் பக்கம் திரும்பினார். "இனிமே நீங்கதான் சொல்லணும். இந்த மச்சம் எப்பலேருந்து இருக்குது? சின்ன வயசுலேருந்துன்னா அப்பப்போ பாத்துக்கிட்டாப் போதும். இப்ப கொஞ்ச வருசத்துல வந்ததுன்னா விடக் கூடாது. உள்ளங்கால்ல இன்னும் ஆழமா சதை எடுக்கணும். விட்டா உயிருக்கு ஆபத்து."

"சரியா ஞாபகம் இல்லீங்க."

"போன தடவையும் இதையேதான் சொன்னீங்க. கூடப் பொறந்தவங்க யாருக்காவது இந்த மாதிரி இருந்துச்சா?"

"இவருக்கு ஒரே அண்ணன். எளவயசுலயே பாம்பு கடிச்சிப் போயிட்டாராம்" என்று வாசுகியே பதில் சொன்னாள். "அதை வுடுங்க டாக்டரம்மா. ஸ்கூலு புக்குல அங்க அடையாளம் எழுதுவாங்கல்ல? என்னோடதுல முழங்கையில மச்சம்னு போட்டிருக்குது. அதான் இவருதையும் பிரிச்சிக்கூடப் பாக்காம தூக்கிட்டு வந்தேன்."

பத்தாவது பாஸ் என்பதைக் காட்டித்தான் அவர் கம்பெனியில் நிரந்தரமானார். ஆனால் அந்தப் புத்தகத்தை வீட்டில் யாரும் தொட்டதில்லை. கணக்கில் எவ்வளவுப்பா என்று மகள் காவியா கேட்கும்போதெல்லாம் எழுந்து வாசலுக்குப் போய்விடுவார். சூளையில் அடுக்கிய கோப்பைகளை எண்ணவே விரல் மடக்குகிற மனுஷன், மார்க்குக்கு வெட்கப்பட்டு ஒளித்து வைத்திருக்கிறார் என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தார்கள்.

டாக்டர் பக்கத்தைப் புரட்டியவர் சிரித்துவிட்டார். "கணக்குல தொண்ணூத்தி நாலு. இதையா ஐயா பூட்டி வெச்சீங்க?"

"தொண்ணூத்தி நாலா?" வாசுகி எட்டிப் பார்த்தாள். "அடப்பாவி மனுசா. புள்ளைங்க கிண்டல் பண்ணப்பல்லாம் வாய மூடிட்டுதான இருந்தீங்க?"

அவர் துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்தார். துடைத்த பிறகும் துண்டை எடுக்கவில்லை.

"ஆங், இருக்குது" என்றார் டாக்டர். "அங்க அடையாளம். ஒன்று, இடது பாதத்தில் ஒரு கரு மச்சம்."

"பாத்தீங்களா?" வாசுகிக்குக் கண் கலங்கியது.

"நல்ல வேலை செஞ்சீங்கம்மா. பதினாறு வயசுலயே இருந்த மச்சம்னா பயப்பட வேண்டியதில்லை. ஆபரேஷன் வேணாம். மூணு மாசத்துக்கு ஒருக்கா வந்து காட்டுங்க." டாக்டர் நோயாளிச் சீட்டை இழுத்து எழுதத் தொடங்கினார். "குருமூர்த்தி, வயது அறுபத்திரண்டு. சிறு வயது முதல் உள்ள மச்சம்..."

கைப்பையை மூடும்போது வாசுகி அவர் தோளை லேசாக இடித்தாள். "இதுக்குப் போயி அந்தக் கத்து கத்துனீங்களே. போன வாரம் கொளஞ்சியப்பர் கோயில்ல சாமிக்குப் பிராதுச் சீட்டு எழுதிக் கட்டிட்டு வந்தேன். உங்க பேரை வாயால சொன்னதில்ல பாருங்க, அன்னிக்குத்தான் மொதத் தடவையா எங்கையால எழுதுனேன். குருமூர்த்தி உசுரக் காப்பாத்துப்பான்னு. சாமி பாத்துடுச்சு."

அவர் துண்டை இறக்கினார். முகம் சுடாத மண் போல வெளுத்திருந்தது. நாற்காலிக்கு அடியில் மறைத்து வைத்திருந்த காலை மெல்ல வெளியே நீட்டி, டாக்டரின் பேனாவைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"எழுதாதீங்க டாக்டரம்மா. அந்தப் புக்குல இருக்குற பேரு, மார்க்கு, மச்சம் எல்லாமே செத்துப்போன எங்க அண்ணனுதுங்க."