தள்ளி நின்றவர்

“கல்யாணமாகி அஞ்சு மாசம் ஆச்சு. குழந்தைகிட்ட முகம் கொடுத்து ஒரு வார்த்தை பேசறதில்லை. இவரெல்லாம் ஒரு அப்பாவா?”

வந்து இறங்கிய மறுநாள் காலையிலேயே பெரியம்மா தன் தங்கையிடம் ஆரம்பித்துவிட்டாள். அவளுக்குக் குடும்ப நீதிமன்றத்தில் டைப்பிஸ்ட் வேலை. இருபது வருடமாக ஊரார் வீட்டு வழக்கையெல்லாம் தட்டித் தட்டி, ஆளைப் பார்த்ததுமே தீர்ப்பு எழுதிவிடும் பழக்கம் வந்திருந்தது.

தங்கையின் முதல் கணவன் வாயைத் திறந்தால் கத்தல்தான். அவன் விட்டுவிட்டுப் போய் மூன்று வருடமாகியும், ஆண் குரல் கேட்டால் குழந்தை கட்டிலுக்கு அடியில் புகுந்துகொள்கிறது. ஏழு வயசு. இப்போது வந்திருக்கும் மாப்பிள்ளை லிஃப்ட் மெக்கானிக். கத்துவதில்லை, சரி. அதற்காக வீட்டில் ஒரு குழந்தை இருப்பதே தெரியாத மாதிரியா நடமாடுவது?

“நாளைக்கு நான் கிளம்பும்போது பாப்பாவும் என்கூட வரட்டும். அங்கேயே ஸ்கூல்ல சேர்த்துக்கறேன். ஒட்டாத இடத்துல அது எதுக்கு வளரணும்?”

தங்கை டிபன் டப்பாவைப் பைக்குள் வைத்தாள். “சாயங்காலம் பாப்பாவும் அவரும் ஹாம்ஸ்டர்னு ஒரு வளர்ப்பு எலி வாங்கப் போறாங்க. நீயும் கூடப் போயிட்டு வாக்கா. அப்புறம் நீ என்ன சொல்றியோ அப்படியே செய்யறேன்.” சொல்லிவிட்டு ஆஸ்பத்திரி டூட்டிக்குக் கிளம்பிவிட்டாள்.

சாயங்காலம் மூன்று பேரும் போனார்கள். பெரியம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு குழந்தை. நாலடி தள்ளி மாப்பிள்ளை.

கடையில் ஒரு கண்ணாடித் தொட்டிக்குள் ஆறு குட்டி ஹாம்ஸ்டர்கள். வளர்ந்தாலும் பெரிதாகாத குள்ள ஜாதி. ஒவ்வொன்றும் தீப்பெட்டி அளவுதான் இருந்தது. ஐந்து குட்டிகள் ஒன்றன் மேல் ஒன்று ஏறி விளையாட, ஆறாவது மூலையில் காகிதத் துருவலுக்குள் மூக்கை மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது.

குழந்தை அந்த மூக்கைக் காட்டினாள்.

“அது ரொம்ப பயந்தாங்கொள்ளி கண்ணு,” என்றாள் கடைக்காரம்மா. “நோய் நொடி ஒண்ணும் இல்ல. ஆனா கைக்குப் பழக நாளாகும். சார், நீங்க என்ன சொல்றீங்க?”

மீன் தொட்டிப் பக்கம் நின்றிருந்த மாப்பிள்ளை, “அவ இஷ்டம்,” என்றார்.

‘பக்கத்தில் வந்து சொன்னால் தேய்ந்தா போய்விடுவார்?’ பெரியம்மாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அந்தக் கோபத்தில், தொங்கிக்கொண்டிருந்த கூண்டுகளில் அழகானதாக ஒன்றை அவளே எடுத்தாள். ரோஸ் கலர், இரண்டு மாடி, சின்னதாக ஒரு ஏணி.

மாப்பிள்ளை இடுப்பிலிருந்து அளவு டேப்பை உருவி அதை அளந்து பார்த்தார். “இது போதாதுக்கா. அது ஓடணும், தோண்டணும், ஒளிஞ்சுக்கவும் இடம் வேணும்.” துணிமணி போட்டு வைக்கிற பெரிய பிளாஸ்டிக் பெட்டி ஒன்றைக் காட்டினார். “மூடியை அறுத்து நான் வலை அடிச்சிடறேன்.”

‘கஞ்சத்தனமும் உண்டு போல.’ பெரியம்மா மனசுக்குள் இன்னொரு வரி தட்டிக்கொண்டாள்.

“சார் சொல்றதுதான் சரி,” என்று கடைக்காரம்மா அவள் வாயை அடைத்தாள். பிறகு குழந்தைக்கு எதிரே குனிந்து உட்கார்ந்தாள். “இந்தா பாரு. வீட்டுக்குக் கொண்டு போய் முதல் பத்து நாள் இதை எப்படி வெச்சுக்கணும்னு தெரியுமா? தெரியாதவங்களுக்கு நான் கொடுக்கறதில்லை.”

புது ஆளிடம் குழந்தை எங்கே பேசப்போகிறது? பெரியம்மா பதில் சொல்ல வாயெடுப்பதற்குள், குழந்தையே பேசினாள்.

“தொடக் கூடாது. தூக்கக் கூடாது. தினம் ஒரே நேரத்துக்கு வந்து ஒரே இடத்துல உக்காந்துக்கணும். அதையே பார்க்கக் கூடாது. பார்த்தா பயமா இருக்கும்.”

“அப்புறம்?”

“அதுக்குப் பிடிச்சதைப் பக்கத்துல வெச்சுட்டு நாம போயிடணும். மெதுவா பாட்டு பாடலாம், ஆனா அதுகிட்ட பாடக் கூடாது, சும்மா நமக்கு நாமே பாடிக்கணும். கதவை டமால்னு சாத்தக் கூடாது. வெளியே இருந்து வரும்போது முதல்லயே செருப்புச் சத்தம் கேக்கற மாதிரி நடக்கணும். திடீர்னு வந்து நிக்கக் கூடாது.”

கடைக்காரம்மா அசந்துபோனாள். “நான் சொல்றதை விட நல்லா சொல்றியே. புஸ்தகத்துல படிச்சியா?”

குழந்தை இல்லை என்று தலையாட்டி, மீன் தொட்டிப் பக்கம் விரலை நீட்டினாள். “இவர் என்கிட்ட அப்படித்தான் இருக்கார்.”

மாப்பிள்ளை சட்டென்று மீன்களின் பக்கம் திரும்பிக்கொண்டார். காது மட்டும் சிவந்திருந்தது.

பெரியம்மாவுக்கு வெட்கமாகப் போய்விட்டது. இருபது வருடத்தில் எத்தனையோ அப்பாக்களின் பெயரைத் தட்டியிருக்கிறாள். குழந்தை பயப்படுமே என்று தன் வீட்டிலேயே காலடியை எண்ணி நடந்தவர் ஒருத்தரைக்கூட அவள் பார்த்ததில்லை. இப்படிப்பட்ட மனுஷனிடமிருந்தா குழந்தையைப் பிரித்துக்கொண்டு போக இருந்தோம் என்று நினைக்கும்போதே அவளுக்குக் கண் கலங்கியது.

கடைக்காரம்மா குட்டியை ஒரு சின்னப் பெட்டியில் விட்டு நீட்டினாள். “எல்லாம் சரி கண்ணு. ஆனா இது தானா உன் கைக்கு வர எத்தனை நாளாகும்னு சொல்ல முடியாது. அதுவரைக்கும் பொறுத்துப்பியா?”

குழந்தை கொஞ்சம் யோசித்தாள்.

“எனக்கு அஞ்சு மாசம் ஆச்சு,” என்று சொல்லிவிட்டு, மாப்பிள்ளையின் பக்கத்தில் போய் அவர் கைக்குள் தன் கையை வைத்தாள்.