கால் ஒடிந்த ஏழு

"இன்னா வாத்தியாரே, திருட்டு வண்டியை என் தலையில கட்டப் பாக்கறியா?"

பழைய கார் வாங்க வந்த ஜெபகுமார் போட்ட சத்தத்தில் அந்தப் பெருங்களத்தூர் அடுக்குமாடியின் பால்கனிகளில் தலைகள் முளைத்தன.

காரை விற்கும் ஞானையாவுக்கு முகம் வெளிறிவிட்டது. பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வுபெற்றவர். ஒருத்தரும் அவரை இப்படிக் கேட்டதில்லை.

"மெதுவா பேசுங்க சார். ஆர்சி புக்ல இருக்கிற நம்பரும் வண்டியில இருக்கிற நம்பரும் ஒண்ணாத்தானே இருக்கு?"

"ஒண்ணா இருக்கணும்னுதானே அடிச்சிருக்கான்."

டிரைவர் சீட்டுக்கடியில் விரிப்பை விலக்கி, செல்போன் வெளிச்சத்தைக் காட்டினார் ஜெபகுமார்.

"நல்லா பாரு. கம்பெனியில சேஸிஸ் நம்பரை மிஷின் அடிக்கும். நூல் புடிச்ச மாதிரி நிக்கும். இது சுத்தியால அடிச்சது. ஒண்ணு மேல கீது, ஒண்ணு கீழ கீது. பழைய நம்பரை அரம் போட்டுத் தேச்சுட்டு வேற வண்டி நம்பரை அடிச்சிருக்கான். திருமுடிவாக்கத்துல பட்டறை வச்சிருக்கிறவன் நான். என்கிட்டயேவா?"

"சத்தியமா எனக்குத் தெரியாது சார். புரோக்கர்கிட்ட வாங்கினேன். சர்ச்சுக்கும் மார்க்கெட்டுக்கும்தான் ஓட்டறேன்."

"அதை ஸ்டேஷன்ல சொல்லு. எந்தப் பாவி அடிச்சானோ, அவன் கை விளங்குமா?"

சொல்லிக்கொண்டே நம்பர் மேல் ஒரு காகிதத்தை வைத்துப் பென்சிலால் தேய்த்தார். எழுத்தும் எண்ணும் அப்படியே காகிதத்தில் ஏறின. அதை மனைவி ஹெப்சியிடம் நீட்டினார்.

"பத்திரமா வை. ஆதாரம்."

பிறகு வாத்தியார் பக்கம் குனிந்து, குரலை இறக்கினார்.

"பாதி விலைக்குக் குடு. வாயை மூடிக்கினு எடுத்துக்கினு போறேன்."

ஞானையா கார்க் கதவைச் சாத்தினார்.

"வேணாம் சார். இது எவனோ ஒருத்தன் பறிகொடுத்த வண்டி. தெரிஞ்சப்புறம் அதைப் பாதி விலைக்கு வித்தாலும் நான் திருடன்தான். ஸ்டேஷனுக்கு நானே போன் போடறேன். அடிச்சவன் யாருன்னு தெரியட்டும்."

போனை எடுத்து நம்பர் தேட ஆரம்பித்தார்.

அப்போதுதான் ஹெப்சி கணவனின் சட்டையை இழுத்து, காதோரம் சொன்னாள்.

"ஏங்க, இந்த ஏழாம் நம்பரைப் பாருங்களேன். காலு ஒடிஞ்ச மாதிரி இருக்கு. நம்ம வீட்டு கேட்டுல நீங்க டோர் நம்பர் அடிச்சீங்களே, அதுலயும் ஏழு இப்படித்தானே இருக்கும்?"

ஜெபகுமார் காகிதத்தைப் பிடுங்கிப் பார்த்தார்.

அவர் பட்டறையில் நம்பர் அடிக்கிற அச்சுகளில் ஏழின் நுனி உடைந்து வருஷக்கணக்காகிறது. புதுசு வாங்க மனசு வரவில்லை. ஒருநாள் ஒரு புரோக்கர் காரோடு வந்து, "நம்பர் துருப்புடிச்சுப் போச்சுண்ணா, புதுசா அடிச்சுக் குடு" என்றான். வண்டி யாருது என்று அவர் கேட்கவில்லை. கூலியை மட்டும் மூணு மடங்காகப் பேசினார்.

"ரிங் போவுது சார்" என்றார் ஞானையா.

"ஐயோ, கட் பண்ணுங்க சார். எதுக்கு வீண் பேஜாரு? அதான் ஆர்சியில நம்பர் சரியா இருக்கில்ல? நீங்க சொன்ன விலைக்கே எடுத்துக்கறேன்."

அட்வான்ஸ் பணத்தை நீட்டினார், இடது கையால். வலது கை பேண்ட் பாக்கெட்டை விட்டு வெளியே வரவில்லை.