பாறைமேல் ஒரு பிடி சோறு

அன்று அமாவாசை என்பது, மகனைப் பார்க்க ஜப்பானுக்கு வந்திருந்த தாமோதரனுக்குத் தீவுக்குப் போகும் படகில்தான் நினைவுக்கு வந்தது. கரையேறியதும் மருமகள் கட்டிக்கொடுத்திருந்த எலுமிச்சைச் சாதத்தில் ஒரு பிடி எடுத்துப் பாறைமேல் வைத்தார். காகம் தொடாமல் அவர் சாப்பிட மாட்டார்.

"இந்த ஊர்க் காக்கா நம்ம சோத்தையெல்லாம் திங்காதுப்பா. சீக்கிரம் வாங்க" என்று சொல்லிவிட்டு, கடலுக்குள் நிற்கும் சிவப்புக் கோயில் வாசலைப் படமெடுக்க மகன் குடும்பத்தோடு போய்விட்டான்.

பைன் மரக்கிளையில் ஒரு காகம் இருந்தது. நம் ஊர்க் காகத்தைப்போல இரண்டு மடங்கு. சோற்றைப் பார்த்தது, அவரைப் பார்த்தது, இறங்கவில்லை. கூப்பிட வேண்டும். முப்பத்தெட்டு வருஷம் மொட்டைமாடியில் நின்று கூப்பிட்டவள் அவர் மனைவி. கீழே இலைக்கு முன்னால் உட்கார்ந்து, "வந்துச்சா, இல்லையா?" என்று அதட்டுவதோடு அவர் வேலை முடிந்துவிடும். அவள் போன பிறகும் ஊரில் தங்கை இருந்தாள், கூப்பிட்டாள். இங்கே அவர்தான்.

சுற்றிலும் ஆட்கள். தொண்டையைச் செருமிக்கொண்டு வாயைத் திறந்தார். ‘கா கா’ வரவில்லை. ஆயுள் முழுக்க ‘இந்தா’, ‘ஏய்’ என்றே அழைத்துப் பழகிய வாயிலிருந்து, "செண்பகம்!" என்று அவள் பெயர் வந்தது, மாடிவரை கேட்கும் சத்தத்தில்.

ஆட்கள் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. காகம் மட்டும் தலையைச் சாய்த்தது.