ஈரக் கையுறை

கச்சா எண்ணெய்த் தொட்டிச் சுவரில் இரும்பும் கந்தகமும் சேர்ந்து படியும் கருஞ்செதில், காய்ந்தால் தானாகவே பற்றிக்கொள்ளும். அதைச் சுரண்டும் யாகப்பன் அந்தச் செதில் அப்பிய தன் கையுறைகளை வீட்டு வாளியில் மூழ்கடித்தே வைத்திருப்பான். ஏனென்று மனைவி ஜெபக்கனியிடம் சொன்னதில்லை. சொன்னால் வேலையை விடச் சொல்வாள்.

மதியம் ஜெபக்கனி போன் செய்தாள். "டெங்குக்காரங்க வந்து வாளித் தண்ணியைக் கொட்டிட்டாங்க."

"கையுறை எங்க?"

"அப்பவே காயப்போட்டுட்டேன். பாப்பா தொட்டிலுக்கு மேல, கொடியில. இந்நேரம் காஞ்சிருக்கும்."

அவன் போனைக் காதில் வைத்தபடியே வெளிவாசலை நோக்கி ஓடினான்.

"லைன்ல இருங்க, ஏதோ கருகுற வாடை அடிக்குது. பால் பொங்கிருச்சோ என்னவோ, பாத்துட்டு வந்துர்றேன்."

அவன் கத்துவதற்குள் போனைக் கீழே வைத்துவிட்டாள். கொலுசுச் சத்தம் அடுப்படிப் பக்கமாகப் போனது.