அறுபதுக்கு ஒரு இகுவானா

"வாயைத் திறக்கக் கூடாது. வாக்குக் கொடுத்திருக்கே" என்றாள் விளாஸ்தா.

பொஹுமில் வாயை மூடிக்கொண்டார். மனைவி விளாஸ்தாவின் அறுபதாவது பிறந்தநாள் விருந்தில், மூன்றாவது கிளாஸ் ப்ளம் சாராயம் உள்ளே இறங்கிய உற்சாகத்தில், "என்ன கேட்டாலும் வாங்கித் தர்றேன், எதிர்த்து ஒரு வார்த்தை பேச மாட்டேன்" என்று இருபது பேர் முன்னால் சொன்னவர் அவர்தான். கடிகாரம் கேட்பாள், மிஞ்சிப்போனால் குரோஷியாக் கடற்கரையில் ஒரு வாரம் கேட்பாள் என்று நினைத்தார். "பெரிய பல்லி ஒண்ணு வேணும்" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை.

அதனால்தான் இந்த அக்டோபர் ஞாயிற்றுக்கிழமை இருவரும் செக் நாட்டின் பிர்னோ நகரத்து வளர்ப்புப் பிராணிச் சந்தையில், ராடெக் என்ற தாடிக்காரர் முன்னால் நிற்கிறார்கள். தொந்தரவு குறைந்த பல்லியாக அமைய வேண்டுமே என்பதுதான் பொஹுமிலின் ஒரே கவலை.

"இது ஆப்பிரிக்க உடும்பு" என்றார் ராடெக். "பெரிய கண்ணாடிப் பெட்டி, மேலே ஒரு விளக்கு. அதுபாட்டுக்கு உள்ளேயே இருக்கும்."

"தங்கமான பிள்ளை" என்றார் பொஹுமில்.

"ஜெயில்ல போட்ட மாதிரி இருக்கு, பாவம். அடுத்தது?" என்றாள் விளாஸ்தா.

"இது டெகு, தென்னமெரிக்கப் பல்லி. மடியில ஏறிப் படுத்துக்கும். அடுத்த மாசம் தூங்கப் போனா மார்ச்லதான் எழுந்திரிக்கும். அதுவரைக்கும் சாப்பாடு வேணாம், விளக்கு வேணாம். இருட்டா, குளிரா ஒரு மூலை போதும்."

பொஹுமிலின் முகம் மலர்ந்தது. "விளாஸ்தா, இது நமக்குன்னே பொறந்தது."

"தூங்கறதுக்கு வீட்டுல ஏற்கெனவே ஒண்ணு இருக்கு" என்று அவரை மேலும் கீழும் பார்த்தாள் விளாஸ்தா. ராடெக் இருமிக்கொண்டே மூன்றாவதன் பக்கம் திரும்பினார்.

கிளையில் ஒன்றரை மீட்டர் நீளத்துக்கு ஒரு பச்சைப் பிராணி கிடந்தது. தாடை தொங்க, உலகத்தையே பிடிக்காத மாதிரி பார்த்தது.

"இதை நானே சிபாரிசு பண்ண மாட்டேம்மா. ஆண் இகுவானா. பெட்டியில அடங்காது, கூடத்துலதான் அவுத்து விடணும். திரைச்சீலையில ஏறும். தினமும் கீரை நறுக்கிப் போடணும். கோவம் வந்தா வாலால விளாசும். கூடம் முழுக்க இருபத்தெட்டு டிகிரி இருக்கணும், இல்லேன்னா சீக்கு வந்துடும். ஒழுங்கா வளர்த்தா இருபது வருஷம் இருக்கும்."

"இருபது வருஷமா?" பொஹுமில் திரும்பி டெகுவை ஏக்கத்தோடு பார்த்தார்.

"இதைக் கொடுங்க" என்றாள் விளாஸ்தா.

"மூணுல மோசமானதாப் பார்த்துப் பொறுக்கறியே. அது மூஞ்சியைப் பாரு."

"உங்கப்பா மூஞ்சிதான். அவரோடயே பதினோரு வருஷம் குப்பை கொட்டலையா நான்?"

வாக்கு வாக்குதான். இகுவானா வீட்டுக்கு வந்தது. பஸ்ஸில் அது நடுங்குவதைப் பார்க்கப் பொறுக்காமல், தன் கோட்டைக் கழற்றிப் போர்த்திவிட்டார் பொஹுமில். அவர் மனசு அப்படி.

டிசம்பரில் முதல் பனி விழுந்த அன்று விளாஸ்தாவின் தங்கை யார்மிலா போன் செய்தாள்.

"என்னக்கா, பல்லியைக் கொஞ்சிட்டிருக்கியா?"

"நானா? பார்த்தாலே உடம்பு கூசுது. கீரை நறுக்கறது, கொஞ்சறது எல்லாம் உங்க அத்தான்தான்."

"அப்புறம் எதுக்கு அடம்பிடிச்சு வாங்கினே?"

விளாஸ்தா கூடத்தை எட்டிப் பார்த்தாள். பொஹுமில் திரைச்சீலையின் உச்சியில் இருந்த இகுவானாவைக் கவலையோடு தடவிக்கொடுத்துவிட்டு, ஹீட்டரின் திருகை இன்னும் கொஞ்சம் ஏற்றிக்கொண்டிருந்தார்.

கையில்லாத கோடைக்கால கவுனில் சோபாவில் காலை நீட்டிக்கொண்டு, குரலைத் தாழ்த்தினாள் விளாஸ்தா. "முப்பத்தாறு வருஷமா, 'பதினாறு டிகிரி போதும், குளிருச்சுன்னா இன்னொரு ஸ்வெட்டர் போட்டுக்கோ'ன்னே சொல்லிட்டிருந்தாரே மனுஷன், பல்லிகிட்ட அப்படிச் சொல்ல முடியலை பாரு."